காச்சில், சேனை, சிறுகிழங்கு, கூவை: கூடுதல் விளைச்சலுக்கான கேள்விகளும் பதில்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும், எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையிலும் தமிழ்க் குடும்பங்கள் மரச்சீனிக்கு (மரவள்ளிக்கு) அடுத்தபடியாக வளர்த்துவரும் கிழங்குகளைப் பற்றி அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. வீட்டுப் புரையிடத்துக்கும் சிறு விளைக்கும் பயன்படும் வகையில், அளவுகள் பெரும்பாலும் ஒரு மூட்டுக்கு (ஒரு செடிக்கு) அல்லது ஒரு சென்ட்டுக்கு என்ற கணக்கில் சொல்லப்பட்டுள்ளன.

வேலியோரத்தில் காச்சிலும் (பெருவள்ளி) சேனையும் ஆண்டுதோறும் தானாகவே முளைக்கின்றன. ஆனால் தோண்டினால் சிறிய கிழங்குகளே கிடைக்கின்றன. என்ன காரணம்?

தானாக முளைக்கும்படி விட்டுவிடுவதே முதற்காரணம். சென்ற ஆண்டு தோண்டும்போது மண்ணில் தப்பி நின்ற ஒரு சிறு துண்டிலிருந்து, கிளறப்படாத இறுகிய மண்ணில், பலாவின் நிழலிலோ மாவின் நிழலிலோ முளைத்த செடியிடமிருந்து பெரிய கிழங்கை எதிர்பார்க்க முடியாது. இலை விரிந்து சூரிய ஒளியில் உணவு தயாரிக்கத் தொடங்கும் வரை, இந்தச் செடிகள் நடப்பட்ட கிழங்கில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்தையே உண்டு வளர்கின்றன. நட்ட கிழங்கு சிறுத்தால் முளை மெலியும், முளை மெலிந்தால் இலை சிறுக்கும், இலை சிறுத்தால் புதிய கிழங்கும் சிறுக்கும்.

சேனையில் இது கண்கூடாகத் தெரியும். குடை போல் விரிந்து நிற்கும் அதன் மேற்பகுதி முழுவதும் ஒரே ஓர் இலைதான். நாம் தண்டு என்று சொல்வது அந்த இலையின் காம்பு. பருவத்தின் நடுவில் இரண்டாவது இலையும், சில மூடுகளில் மூன்றாவதும் வரலாம் என்றாலும், முதல் இலையின் அளவைத் தீர்மானிப்பது நட்ட விதைக்கிழங்குதான். அந்த இலை விரிந்த பிறகு எவ்வளவு உரமிட்டாலும் அதன் பரப்பைப் பெருக்க இயலாது. எனவே விளைச்சலின் பெரும்பங்கு விதைக்கிழங்கு, குழி, நடும் காலம் ஆகிய மூன்றிலும் அடங்கியிருக்கிறது என்பதே இந்தப் பக்கம் முழுவதும் நான் வலியுறுத்த விரும்பும் செய்தி. பின்னால் செய்யும் பராமரிப்பு அந்த வாய்ப்பைக் காப்பாற்றுமே தவிர, புதிதாக உண்டாக்காது.

இந்தக் கிழங்குகள் வேலியோரத்துக்குத் தள்ளப்பட்டதற்கு மரச்சீனியின் வளர்ச்சியும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆட்சி செய்த விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்புவதில் மிகுந்த ஆர்வம் காட்டினார். இரண்டாம் உலகப்போரின்போது பர்மா அரிசி வருவது நின்றுபோனபோது இந்தப் பகுதி மக்களின் பசியைப் பெருமளவு தணித்ததும் மரச்சீனிதான். நல்ல விளை நிலம் முதலில் அதற்கும், பிறகு வாழைக்கும் ரப்பருக்கும் போயிற்று. காச்சிலும் சேனையும் மிச்சமிருந்த இடத்தில் வளர்ந்தன. அவற்றுக்கும் உரிய இடமும் உழைப்பும் கொடுத்தால் ஈடாக விளையும்.

நல்ல விளைச்சல் என்று எதைச் சொல்லலாம்?

முறையாகப் பயிரிட்டால் சேனையில் ஹெக்டேருக்கு 30 முதல் 40 டன் வரையும், காச்சிலில் 25 முதல் 30 டன் வரையும், சிறுகிழங்கில் 15 முதல் 20 டன் வரையும் எடுக்கலாம். வீட்டுக் கணக்கில் சொன்னால், ஒரு மூடு சேனையில் இரண்டரை முதல் மூன்று கிலோவும், ஒரு மூடு காச்சிலில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவும் கிடைப்பது சராசரியான நல்ல விளைச்சல். கண்காட்சிகளில் வைக்கப்படும் பெருங்கிழங்குகளை அளவுகோலாகக் கொள்ள வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் மிகப் பெரிய விதைக்கிழங்கை நட்டும், ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் விட்டுவைத்தும் பெறப்படுபவை.

எந்த மாதத்தில் நட வேண்டும்?

சேனையை மாசியில் நட வேண்டும். 'கும்பத்தில் நட்டால் குடத்தோளம், மீனத்தில் நட்டால் மீன்கண்ணோளம்' என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. கும்பம் என்பது நம் மாசி, மீனம் என்பது பங்குனி. மீன்கண் அளவு என்பது மிகைதான் என்றாலும், ஒரு மாதத் தாமதம் கிழங்கின் எடையைக் கணிசமாகக் குறைக்கும் என்ற அனுபவம் அதில் இருக்கிறது. மாசியில் நட்ட கிழங்கு, மேலே சருகு மூடியிருந்தால், காய்ந்த மண்ணுக்குள் கெடாமல் இருந்து, கோடை மழை விழுந்ததும் முளைவிட்டு, இடவப்பாதி என்று நாம் சொல்லும் தென்மேற்குப் பருவமழை வலுப்பதற்குள் இலையை விரித்துவிடும். தாமதமாக நட்டால், முளை வெளியே வரும் நேரத்தில் மழை கொட்டத் தொடங்கி, இளங்காம்பு அழுகும் அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

காச்சிலையும் அதன் இனத்தைச் சேர்ந்த சிறுவள்ளியையும் பங்குனி, சித்திரையில் நடலாம். பகல் நேரம் குறைந்துவரும் ஆவணி, புரட்டாசிக்குப் பிறகே காச்சில் தன் உணவை வேகமாகக் கிழங்குக்கு அனுப்புகிறது. அந்தக் காலம் வருவதற்குள் கொடி உயர ஏறி இலைப்பரப்பு முழுமையடைந்திருக்க வேண்டும். ஆனியில் நட்ட காச்சிலுக்கு அதற்குப் போதிய அவகாசம் கிடைப்பதில்லை. எத்தனை மாதம் மண்ணில் இருந்தது என்பதைவிட, பகல் குறுகும் வேளையில் எவ்வளவு இலை இருந்தது என்பதுதான் எடையை நிர்ணயிக்கிறது.

மானாவாரிச் சேம்பும், மாவு எடுக்கப் பயன்படும் கூவையும் வைகாசி, ஆனியில் நடப்படுகின்றன. சிறுகிழங்கின் காலம் முற்றிலும் வேறு என்பதால் அதற்குத் தனியாகக் கீழே விடை தரப்பட்டுள்ளது.

விதைக்கிழங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது? எந்த அளவில் வெட்டுவது?

சேனைக்கு ஒவ்வொரு துண்டும் 750 கிராம் முதல் ஒரு கிலோ வரை இருக்க வேண்டும். முளை, கிழங்கின் உச்சி நடுவில் மட்டுமே இருப்பதால், அதை மையமாக வைத்து மேலிருந்து கீழாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் உச்சிக் கண்ணின் ஒரு பகுதி இடம்பெறுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். குறுக்காக அரிந்தால் அடிப்பகுதித் துண்டில் கண் இருக்காது. வெட்டிய துண்டுகளைச் சாணிப்பாலில் முக்கி எடுத்து, நிழலில் பரப்பி, வெட்டுவாய் காய்ந்த பிறகு நட வேண்டும். வெயிலில் காய வைப்பது தவறு.

காச்சிலுக்கு 250 முதல் 300 கிராம் வரையிலான துண்டுகள் போதும். காச்சிலின் தலைப்பகுதி, நடுப்பகுதி, வால்பகுதி ஆகிய மூன்றும் முளைக்கும் என்றாலும், தலைப்பகுதி முந்தி முளைக்கும், வால்பகுதி பிந்தும். எல்லாவற்றையும் கலந்து நட்டால், முந்தி ஏறிய கொடிகள் பிந்தியவற்றை நிழலில் அமுக்கிவிடும். தலைத் துண்டுகளை ஒரு வரிசையிலும் மற்றவற்றை வேறு வரிசையிலும் நடுவது இந்த இழப்பைத் தவிர்க்கும் எளிய வழி. சிறுவள்ளியை வெட்ட வேண்டியதில்லை. 100 முதல் 150 கிராம் எடையுள்ள முழுக்கிழங்கையே நடலாம். சேம்புக்கு 25 முதல் 35 கிராம் எடையுள்ள பக்கக் கிழங்குகள் ஏற்றவை.

அளவைவிட முக்கியமானது நோயின்மை. இலைகளில் மஞ்சளும் பச்சையும் கலந்த திட்டுகளும் சுருக்கமும் காணப்பட்ட சேனை மூட்டில் தேமல் நச்சுயிரி இருக்கும். அந்த மூட்டின் கிழங்கைக் கறிக்குப் பயன்படுத்தலாம், விதைக்கு எடுக்கக் கூடாது. கிழங்கைத் தோண்டிய பிறகு இதைக் கண்டறிய வழியில்லை. ஆகவே ஆடி, ஆவணியில் செடி பசுமையாக நிற்கும்போதே விதைக்கு உரிய மூடுகளைத் தேர்ந்து, ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட வேண்டும். சந்தையில் மீந்த கிழங்கை வாங்கி நடுவதைவிட இந்த ஒரு பழக்கம் இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரிய மாற்றத்தைத் தரும்.

ஒரு சேனை நடுவதற்கு ஒரு கிலோ கிழங்கு செலவாகிறது. விதைச் செலவைக் குறைக்க முடியாதா?

முடியும். சேனையை 100 கிராம் துண்டுகளாக வெட்டி, 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் என்ற நெருக்கமான இடைவெளியில் நடலாம். காச்சிலை 30 கிராம் துண்டுகளாக்கி நாற்றங்காலில் முளைக்கவைத்துப் பிறகு நடலாம். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய சிறுதுண்டு முறை இது. முதல் ஆண்டில் கிடைப்பவை சந்தைக்கு ஏற்ற பெருங்கிழங்குகள் அல்ல. அவை அடுத்த ஆண்டுக்கு வெட்டாமல் நடக்கூடிய முழு விதைக்கிழங்குகள். வெட்டுவாய் இல்லாததால் அழுகல் குறையும், முளைப்பும் சீராக இருக்கும். ஒரே ஆண்டில் பணம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. நல்ல ரகத்தின் சில கிழங்குகளை வாங்கிவந்து சொந்த விதையைப் பெருக்கிக்கொள்ள விரும்புபவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

எங்கள் விளையில் ஓர் அடிக்குக் கீழே செம்புறைக்கல் கலந்த இறுகிய மண் இருக்கிறது. குழியை எப்படி அமைப்பது?

சேனைக்கு 60 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், 45 சென்டிமீட்டர் ஆழம் என்ற அளவில் குழி எடுத்து, குழிக்குக் குழி 90 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். காச்சிலுக்கு மூன்று பக்கமும் 45 சென்டிமீட்டர் உள்ள குழியும் அதே 90 சென்டிமீட்டர் இடைவெளியும் தேவை. எடுத்த மேல்மண்ணுடன் மட்கிய தொழுவுரத்தைக் கலந்து குழியில் முக்கால் பாகம் நிரப்பி, கிழங்கை வைத்து, மீதி மண்ணைத் தரைக்கு மேல் சற்று மேடாகக் கூட்ட வேண்டும். மழைநீர் குழியில் தேங்காமல் இருக்க அந்த மேடு அவசியம்.

செம்புறைக்கல் நிலத்தில் ஆழத்துக்குப் போக முடியாவிட்டால் மேட்டை உயர்த்திக்கொள்ளலாம். அரை அடி கிளறி, ஒன்றரை அடி உயரத்துக்கு மண்ணும் தழையும் கூட்டிய மேட்டில் காச்சில் நன்றாகவே விளையும். காச்சில் கிழங்கு நேராகக் கீழ்நோக்கி இறங்குவது. வழியில் இறுகிய மண்ணோ கல்லோ எதிர்ப்பட்டால் விரல் விரலாகப் பிரிந்து, கோணலாகி, தோண்டும்போது உடைந்துபோகும். சேனையின் போக்கு வேறு. புதிய கிழங்கு பழைய கிழங்கின் மேல் உருவாகிறது, வேர்களும் முளையின் அடியைச் சுற்றி மேல்மட்டத்திலேயே பரவுகின்றன. ஆகவே சேனைக்கு ஆழத்தைவிட மேல்மண்ணின் பொலபொலப்பும், பருவத்தில் இரண்டு முறை மண் அணைப்பதும் முக்கியம். மூட்டைச் சுற்றி ஆழமாகக் கொத்துவது அந்த வேர்களை அறுத்துவிடும்.

நட்ட அன்றே சருகாலோ பச்சைத் தழையாலோ தென்னோலையாலோ குழியை மூடிவிட வேண்டும். மாசி, பங்குனி வெயிலில் மூடாத குழியில் முளைப்பு பிந்துவதும் களை முந்துவதும் ஒருங்கே நடக்கும்.

காச்சில் கொடிக்குத் தாங்கு தேவையா? தரையில் படரவிட்டால் என்ன?

தரையில் படரும் கொடியில் இலைகள் ஒன்றையொன்று மறைக்கின்றன, ஈரம் தங்குகிறது, இலைக்கருகல் பரவுகிறது. முளைத்து 15 நாட்களுக்குள் கயிறு கட்டி ஏற்றிவிட வேண்டும். திறந்த இடத்தில் கம்பு நட்டுக் கட்டலாம், தோட்டத்தில் கமுகு போன்ற மரங்களில் கயிறு கட்டி மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்கு ஏற்றலாம். அடர்ந்த இலையுள்ள மரத்தில் ஏற்றினால் கொடி ஒளியைத் தேடி உச்சிவரை போய்விடும், அதில் வீணாகும் சத்து கிழங்குக்குச் சேராது. நடுவதற்கு இடம் தேர்ந்தெடுக்கும்போதே தாங்கு எது என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கம்பு நட இயலாதவர்களுக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வெள்ளைக் காச்சிலில் ஸ்ரீ தன்யா என்ற குட்டை ரகம் இருக்கிறது. அதற்குத் தாங்கு தேவையில்லை.

சிறுகிழங்கு தழைத்து வளர்கிறது. ஆனால் தோண்டினால் கிழங்கே இல்லை, அல்லது சுண்டைக்காய் அளவில் இருக்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு நான்கு காரணங்களைச் சொல்ல வேண்டும், பெரும்பாலான இடங்களில் அவற்றில் குறைந்தது இரண்டு காரணங்கள் சேர்ந்தே இருக்கும்.

முதலாவது காலம். சிறுகிழங்கு, மலையாளத்தில் கூர்க்க என்று வழங்கும் இந்தச் செடி, பகல் குறுகும்போது கிழங்கு வைக்கும் இயல்புடையது. வழக்கமான ரகங்களைச் சித்திரையிலோ வைகாசியிலோ நிலத்தில் நட்டால் நீண்ட பகலில் தழையாகவே வளரும். ஆடி முதல் புரட்டாசிக்குள் நட்டு, மார்கழி முதல் மாசிக்குள் தோண்டுவதே சரியான கணக்கு. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட சுபலா ரகம் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலகி ஆண்டு முழுவதும் பயிரிட ஏற்றது.

இரண்டாவது நாற்று. கிழங்கை நேரடியாக நிலத்தில் நடுவது நல்ல முறையல்ல. வைகாசி, ஆனியில் நாற்றங்காலில் கிழங்கை நட்டு, ஒன்று முதல் ஒன்றரை மாதத்தில் வரும் கொடிநுனிகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில் கிள்ளி நட வேண்டும். பத்து சென்ட் நிலத்துக்கு ஏறத்தாழ எட்டு கிலோ விதைக்கிழங்கும் அரை சென்ட் நாற்றங்காலும் போதும். நுனித்துண்டுகளை மேட்டில் படுக்கைவாக்கில் வைத்து, நுனி மட்டும் வெளியே தெரிய, 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் மூட வேண்டும். கீரைத்தண்டைப் போல் செங்குத்தாகக் குத்தி நட்டால் மண்ணுக்குள் இருக்கும் கணுக்கள் குறையும், கிழங்கு வைக்கும் இடங்களும் குறையும்.

மூன்றாவது தழைச்சத்து. சாணத்தையும் யூரியாவையும் அள்ளிப் போட்டால் இலைதான் பெருகும். ஒரு சென்ட்டுக்கு மொத்தம் அரை கிலோ யூரியா, 1.2 கிலோ ராக்பாஸ்பேட், 700 கிராம் பொட்டாஷ் போதுமானது. ராக்பாஸ்பேட் முழுவதையும் மற்ற இரண்டில் பாதியையும் நடும்போது இட்டு, எஞ்சிய பாதியை 45 நாளில் களையெடுக்கும்போது இட வேண்டும்.

நான்காவது மண் அணைப்பு. அந்த 45 நாள் களையெடுப்புடன் கொடியின் கணுக்களை மண்ணால் மூடாவிட்டால் கிழங்காக வேண்டியவை வெளிக்கிளைகளாகிவிடும். தென்காசிப் பக்கத்தில் பொங்கல் சந்தைக்காகச் சிறுகிழங்கு பயிரிடும் உழவர்கள் மண் அணைக்கும் வேலையைத் தவறவிடுவதில்லை. நம் பகுதியில் அது அடைமழைக் காலத்தில் வருவதால் தள்ளிப்போடப்படுகிறது. மழை ஓய்ந்த இரண்டு மூன்று நாள் கிடைத்தாலும் இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

நிழலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிறுகிழங்குக்கு முழு வெயில் வேண்டும்.

சிறுகிழங்கு முடிச்சு முடிச்சாகக் கோணலாக இருக்கிறது, வீட்டில் வைத்தால் விரைவில் அழுகுகிறது. இது என்ன நோய்?

இது வேர்முடிச்சு நூற்புழுவின் தாக்குதல். கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு வேரிலும் கிழங்கிலும் புகுந்து வீக்கங்களை உண்டாக்குகிறது. சிறுகிழங்குக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. கத்தரி, தக்காளி, வெண்டை போன்றவை நின்ற இடத்தில் இது ஏற்கெனவே பெருகியிருக்கும். ஆகவே அவற்றுக்குப் பின் உடனே சிறுகிழங்கு நடக் கூடாது.

கோடையில் நிலத்தை ஆழமாகக் கொத்திப் புரட்டி வெயில் காயவிடுவது முதல் தற்காப்பு. இரண்டாவதாக, சிறுகிழங்குக்கு முன்னதாக ஸ்ரீ பத்ரா என்ற சர்க்கரைவள்ளி ரகத்தை நடலாம். இதன் வேருக்குள் புகும் நூற்புழுக்கள் வளர்ந்து முட்டையிட முடியாமல் அங்கேயே அழிகின்றன. சர்க்கரைவள்ளி மூன்று மாதத்தில் முடிந்துவிடுவதால், சித்திரையில் நட்டு ஆடியில் எடுத்துவிட்டு அதே இடத்தில் சிறுகிழங்கு வைக்கலாம். முடிச்சு விழுந்த கிழங்கை விதைக்கு வைப்பது, புழுவை நாமே அடுத்த நிலத்துக்குச் சுமந்து செல்வதாகும்.

உரம் எவ்வளவு? சாம்பல் மட்டும் போதுமா?

சேனைக்கு ஒரு குழிக்கு இரண்டு கிலோ மட்கிய தொழுவுரம், 18 கிராம் யூரியா, 25 கிராம் ராக்பாஸ்பேட், 20 கிராம் பொட்டாஷ் என்பது ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 100:50:150 கிலோ என்ற பரிந்துரையிலிருந்து வரும் கணக்கு. காச்சிலுக்கு ஏறத்தாழ 15 கிராம் யூரியா, 25 கிராம் ராக்பாஸ்பேட், 11 கிராம் பொட்டாஷ் போதும். தொழுவுரத்தையும் ராக்பாஸ்பேட்டையும் நடும்போதே சேர்த்துவிடலாம். யூரியாவையும் பொட்டாஷையும் முளைத்த பிறகு இரண்டு தவணையாக, களையெடுத்து மண் அணைக்கும்போது இட வேண்டும்.

மாவுச்சத்து இலையிலிருந்து கிழங்குக்குப் போய்ச் சேரச் சாம்பல்சத்து தேவைப்படுகிறது. கிழங்குக்கு அடுப்புச்சாம்பல் போடும் நம் முன்னோர் வழக்கம் சரியானதே. ஆனால் விறகடுப்பு குறைந்த வீடுகளில் கிடைக்கும் சாம்பல் எல்லா மூடுகளுக்கும் போதாது. சாம்பலைச் சாணத்துடனோ யூரியாவுடனோ ஒன்றாகக் கலந்து வைத்தால் தழைச்சத்து ஆவியாகிவிடும் என்பதால், சில நாள் இடைவெளி விட்டுத் தனித்தனியே இட வேண்டும்.

சேனையின் தண்டு மண்மட்டத்தில் அழுகிச் சாய்ந்துவிடுகிறது. காப்பாற்ற முடியுமா?

சாய்ந்த மூட்டைக் காப்பாற்ற முடியாது, பக்கத்து மூடுகளைக் காப்பாற்றலாம். இது மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணத்தால் வரும் கழுத்தழுகல். தண்டின் அடியில் பழுப்புப் புள்ளி தோன்றி, இலை மஞ்சளாகி, பிறகு சாயும். அழுகிய இடத்தில் வெள்ளை நூல்களும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரியும். அந்த உருண்டைகள் மண்ணில் நெடுங்காலம் உயிருடன் கிடக்கும். ஆகவே பாதித்த செடியைச் சுற்றுமண்ணுடன் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும்.

நீர் தேங்குவதும், களைவெட்டும்போது தண்டில் மண்வெட்டி படுவதும் இதற்கு வாசல் திறக்கின்றன. நோய் கண்ட விளையில் மறு ஆண்டு நடும்போது, நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நன்மைப் பூஞ்சணமான டிரைக்கோடெர்மாவில் ஒரு கிலோவை 90 கிலோ தொழுவுரமும் 10 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் சேர்த்து, ஈரமாக நிழலில் இரண்டு வாரம் மூடிவைத்து, அந்தக் கலவையைக் குழிகளுக்கு இடலாம். அத்துடன் ரசாயனப் பூஞ்சணக்கொல்லியைச் சேர்த்தால் டிரைக்கோடெர்மாவும் இறந்துவிடும்.

சேம்பு இலைகள் ஆடி மழையில் ஒரே வாரத்தில் கருகிவிடுகின்றன. என்ன வழி?

இது தொடர்மழையிலும் குளிர்ந்த ஈரக்காற்றிலும் பரவும் இலைக்கருகல். பாசன வசதி இருந்தால் மாசி, பங்குனியிலேயே நட்டு, நோய் வலுப்பதற்குள் பயிர் முதிரும்படி செய்யலாம். மழையை நம்பியே நடுபவர்கள் நோய் தாங்கும் முக்தகேசி ரகத்தைத் தேடிப் பெறுவது நல்லது. இடைவெளியைக் குறைக்காமல் 60க்கு 45 சென்டிமீட்டர் விடுவதும், முதல் புள்ளி கண்ட இலைகளை உடனே அறுத்து அகற்றுவதும் பரவலை மெதுவாக்கும்.

தென்னந்தோப்பிலும் ரப்பர் தோட்டத்திலும் எவற்றைப் பயிரிடலாம்?

தென்னை நட்ட முதல் ஏழெட்டு ஆண்டுகளிலும், சுமார் 25 வயதுக்குப் பிறகு மரங்கள் உயர்ந்து ஒளி தரையில் விழும்போதும் ஊடுபயிர் நன்றாக வரும். இடைப்பட்ட ஆண்டுகளில் நிழல் அடர்த்தி. தென்னையின் அடியிலிருந்து இரண்டு மீட்டர் விட்டு, சேனையும் சேம்பும் நடலாம். நேந்திரன் வாழையுடன் சேனை சேர்ப்பதும் இந்தப் பகுதிக்கு நன்கு ஒத்துவருகிறது. ரப்பரில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நிழல் கூடிய இடத்துக்கு ஏற்றது கூவைதான்.

கொடியில் உருளைக்கிழங்கு போல் காய்க்கும் அடதாப்பைச் சாப்பிடலாமா?

வீட்டில் வளர்க்கப்படும் அடதாப்பின் காய்களை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். காட்டில் தானாக வளரும் இனங்கள் கசப்பும் நஞ்சும் உடையவையாக இருக்கக்கூடும் என்பதால், அறிந்தவர் வீட்டில் உண்டு பழகிய கொடியிலிருந்தே விதை வாங்க வேண்டும். காச்சிலைப் போலவே பங்குனியில் ஒரு முழுக்காயை நட்டு, உறுதியான தாங்கில் ஏற்றினால் போதும். காய்கள் முற்றித் தாமாக உதிரும்போது பொறுக்கிக்கொள்ளலாம். தோண்டும் வேலை இல்லாத ஒரே கிழங்கு என்பதால் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

காட்டுப்பன்றியையும் பெருச்சாளியையும் எப்படித் தடுப்பது?

மலையடிவாரத்தில் உறுதியான வேலி இல்லாமல் காச்சில் பயிரிடுவது வீண். சூரியசக்தி வேலியை அதற்குரிய முறைப்படி அமைக்கலாம். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது சட்டவிரோதம். அது பன்றியை மட்டுமல்ல, மனிதரையும் கொல்லும், யாரும் அதைச் செய்யக் கூடாது. பெருச்சாளிக்கு, புதரை அகற்றி வரப்புகளைச் சுத்தமாக வைப்பதும், முதிர்ந்த கிழங்கைத் தேவையின்றி மண்ணில் விட்டுவைக்காததும் உதவும்.

எந்த ரகங்கள் நல்லவை? விதை எங்கே கிடைக்கும்?

மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1963ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இயங்கிவருகிறது. களியக்காவிளையிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். காச்சிலில் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா, சிறுவள்ளியில் ஸ்ரீ லதா, ஸ்ரீ கலா, சேனையில் ஸ்ரீ பத்மா, சிறுகிழங்கில் ஸ்ரீ தரா ஆகியவை அந்த நிலையத்தின் ரகங்கள். சேனையில் ஆந்திரத்தின் கொவ்வூரிலிருந்து வந்த கஜேந்திரா, அரிப்பில்லாத, சீரான உருண்டைக் கிழங்கு தருவதால் சந்தையில் விரும்பப்படுகிறது. நடும் பருவத்தில் விதைக்குத் தேவை மிகும் என்பதால் தை மாதத்திலேயே விசாரித்துவைக்க வேண்டும். பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் ஆலோசனை பெறலாம்.

வீட்டில் தலைமுறையாக வைத்திருக்கும் நாட்டுக் காச்சில்களை, குறிப்பாக உள்ளே ஊதா நிறமுள்ளவற்றை, புதிய ரகம் வந்துவிட்டது என்பதற்காகக் கைவிட வேண்டாம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

எப்போது தோண்டுவது? அடுத்த ஆண்டு விதைக்கு எப்படிப் பாதுகாப்பது?

சேனையில் இலை மஞ்சளாகிக் காம்பு சாய்ந்ததும், நட்டதிலிருந்து எட்டு ஒன்பது மாதத்தில் தோண்டலாம். காச்சிலுக்கு ஒன்பது பத்து மாதம் ஆகும், கொடி முழுவதும் காய வேண்டும். திருவாதிரைக்கும் பொங்கலுக்கும் கிழங்குக்கு நல்ல விலை கிடைப்பதால் சிலர் மார்கழியில் பச்சைக் கொடியுடனே தோண்டுகிறார்கள். விற்பனைக்கு அது சரி. விதைக்கு உரிய மூடுகளை மட்டும் முழுமையாகக் காயவிட வேண்டும்.

விதைக்கிழங்கைக் காயமின்றி எடுத்து, மண்ணை உதறி, கழுவாமல், காற்றோட்டமான நிழலான இடத்தில் மணல் பரப்பி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் ஒரே வரிசையாக வைக்க வேண்டும். சேனையில் உச்சிக்கண் கீழ்நோக்கி இருக்குமாறு கவிழ்த்து வைப்பது வழக்கம். வெள்ளை மாவு போல் மாவுப்பூச்சி தென்பட்டால் தேங்காய்நாரால் தேய்த்து அகற்றி, அந்தக் கிழங்கைப் பிரித்து வைக்க வேண்டும். காச்சிலுக்கு இரண்டரை, மூன்று மாத உறக்கநிலை உண்டு. தையில் எடுத்தது சித்திரைக்கு முன் முளைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

சேனையையும் சேம்பையும் கையாளும்போது ஏற்படும் அரிப்புக்குக் காரணம் அவற்றில் உள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளலாம். சமையலில் புளி சேர்ப்பதும் இதற்காகவே. தோண்டிச் சில வாரம் வைத்த கிழங்கில் அரிப்பு குறையும்.

கூவையிலிருந்து மாவு எடுப்பது எப்படி?

வைகாசியில் நட்ட கூவை, பத்துப் பதினோரு மாதத்தில் இலை மஞ்சளாகிச் சாயும்போது தோண்டத் தயாராகிறது. வெயில் உறுதியாக இருக்கும் பங்குனியில் தோண்டுவது நல்லது, ஏனென்றால் மாவின் தரம் உலர்த்துவதைப் பொறுத்தது. கிழங்கின் மேலுள்ள செதில்களை முழுவதும் உரித்துக் கழுவி, துருவியோ அரைத்தோ, நிறையத் தண்ணீரில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். வடிந்த நீரை அசையாமல் வைத்தால் மாவு அடியில் படியும். தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, புதிய தண்ணீர் விட்டுக் கலக்கி, மீண்டும் படியவைக்க வேண்டும். நீர் நிறமின்றித் தெளியும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் கசப்பு நீங்கும். பிறகு வெள்ளைத் துணியில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் உலர்த்தி, விரலால் அழுத்தினால் நொறுங்கிப் பொடியாகும் நிலையில் புட்டியில் அடைக்கலாம். ஈரம் சிறிதளவு மிஞ்சினாலும் பூஞ்சணம் பிடிக்கும். அடைத்த ஒரு வாரத்துக்குப் பிறகு புட்டியைத் திறந்து, கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்த்து, தட்டியிருந்தால் மீண்டும் ஒரு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும்.